அண்ணியின் போக்கர் மனு

எங்கள் குப்பத்திலிருந்து போக்கர் ஆட்டத்துக்காக அரசாங்கத்திடம் மனு கொடுத்த ஒரே ஆள் என் அண்ணி. அதன் காரணமாக என் அண்ணனின் பாடு உரிமை கைவிட்டுப் போகும் நிலை வந்தது. மனுவைத் தட்டச்சு செய்தவள் நான். ஆகவே நடந்ததில் பெரும்பகுதியைப் பக்கத்திலிருந்தே பார்த்தேன்.

பாடு என்றால் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பழவேற்காடு ஏரியில் கழி ஊன்றிச் சுத்துவலை கட்டி இறால் பிடிக்கும் இடங்களை எங்கள் ஊர் தனக்குள் பங்கிட்டுக்கொள்ளும் முறைக்கு அந்தப் பெயர். கல்யாணமான ஒவ்வோர் ஆணும் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டுகளின் பெயர்களைக் காகிதத்தில் எழுதி, மடித்து, குடத்தில் போட்டுக் குலுக்கி எடுப்பார்கள். பெயர் வரும் வரிசைப்படி யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டுவது என்று தீர்மானமாகும். முகத்துவாரத்தை ஒட்டிய இடத்தில் இறால் நன்றாக விழும். உள்ளே ஓடைப் பக்கம் அவ்வளவு விழாது. ஆனால் சுற்று முடிவதற்குள் எல்லா இடமும் எல்லோருக்கும் வந்துவிடும். குடத்தில் பெயர் இல்லாதவன் கைவலை வீசலாம், நண்டு பிடிக்கலாம், இன்னொருவன் வலைக்குக் கூலியாகப் போகலாம். சுத்துவலை மட்டும் கட்ட முடியாது. கோயில் வரி, கல்யாணப் பாக்கு, சாவுக்கு ஊர் வந்து நிற்பது எல்லாமே குடத்தில் பெயர் இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்தவை.

அண்ணி பொன்னேரிச் சாலையில் ஓர் இறால் கம்பெனியில் எடைப் பிரிவில் வேலை பார்க்கிறார். அங்கே நெல்லூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி சாப்பாட்டு வேளையில் போனில் போக்கர் ஆடுவாள். அவளிடமிருந்து பிடித்துக்கொண்டதுதான். முதலில் காசில்லாமல் வெறும் ஆட்டமாகப் பல மாதங்கள் ஆடினார். பிறகு காசு வைத்து. அதற்கென்று தனியாக ஒரு வங்கிக் கணக்கு வைத்திருந்தார். அதில் இருப்பது தீர்ந்தால் அந்த மாதம் ஆட்டம் இல்லை. சம்பளப் பணம் அந்தக் கணக்குக்குள் போகாது. இதை அண்ணன் ஒருமுறை சந்தேகப்பட்டு, போனை வாங்கிக் கணக்கைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

நான் சென்னையில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தவள். அந்த வேலையை விட்டு ஊருக்கு வந்து, அண்ணன் வீட்டுக்கு அடுத்த வீட்டில் குடியேறிய புதிதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுக்க அண்ணி ஆடுவதை உட்கார்ந்து பார்த்தேன். வீட்டுப் பின்பக்கம் ஐஸ் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்காருவார். அங்கேதான் சிக்னல் ஒழுங்காக வரும். ஆளுக்கு இரண்டு கார்டு மறைவாக வருகின்றன. நடுவில் ஐந்து கார்டு எல்லோருக்கும் பொதுவாக, கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கின்றன. ஒவ்வொரு கட்டத்திலும் பணம் கட்டலாம், அல்லது கார்டைப் போட்டுவிட்டு விலகிக்கொள்ளலாம். அண்ணி பெரும்பாலும் விலகிக்கொண்டே இருந்தார்.

"இன்னா அண்ணி, ஆடவே மாட்டேங்கிறீங்க?" என்றேன்.

"தோ, ஆடிக்கினுதானே கீறேன். இவன் ஓரத்துல கீறான் பாரு, அவனுக்கு நல்ல கார்டு வந்தா யோசிக்கிற மாதிரி நேரம் எடுப்பான். ஒண்ணும் இல்லன்னா டக்குனு கட்டுவான். இத்தயெல்லாம் பார்த்துகினு கீறதுதான் ஆட்டம்."

"அவன் யாரு?"

"எனக்கு இன்னா தெரியும்? அவனுக்கும் என்ன தெரியாது. நான் பொம்பளன்னு தெரியாது, குப்பம்னு தெரியாது, யார் பொண்டாட்டின்னு தெரியாது. அவனுக்குத் தெரிஞ்சது இந்தாளு லேசுல ஏமாற மாட்டான்றது ஒண்ணுதான்." கொஞ்ச நேரம் கழித்து, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "வேற எங்க நாத்தனாரே என்ன அப்டி பார்த்துக்கீறாங்க?"

அண்ணி எதற்காக அவ்வளவு தூரம் போராடினார் என்று பின்னால் பலர் என்னைக் கேட்டார்கள். பணத்துக்காக என்று நினைத்தார்கள். நான் அந்த ஞாயிற்றுக்கிழமையைத்தான் நினைத்துக்கொள்வேன்.

இதன் மறுபக்கமும் எங்கள் தெருவிலேயே இருந்தது. எதிர்வீட்டு அக்கா கருவாடு விற்கிறவள். அவள் புருஷன் போனில் ரம்மி ஆடி, வலையை விற்று, படகின் இன்ஜினை விற்று, ஒருநாள் அனுப்பம்பட்டு ஸ்டேஷனில் ரயிலேறிப் போனவன்தான். எண்ணூரில் பார்த்தேன், திருப்பதியில் பார்த்தேன் என்று யாராவது சொல்வார்கள். அக்காவுக்கு ரம்மி வேறு, போக்கர் வேறு என்றெல்லாம் கிடையாது. "கார்டுன்னா கார்டுதான். ஒரே கருமாந்தரம்" என்பாள். அதையும் அண்ணியின் முகத்துக்கு நேராகவே சொல்வாள்.

ஆன்லைன் சூதாட்டத்தை ஒழிக்க மாநில அரசு சட்டம் கொண்டுவந்தது, கம்பெனிகள் வழக்குப் போட்டன, நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்றது, அரசு விடவில்லை. செய்தித்தாள் படிக்கிறவர்களுக்கு இது தெரிந்த கதை. அந்தச் சமயத்தில் புதிய கட்டுப்பாடுகள் பற்றி மக்கள் கருத்தைக் கேட்கப்போவதாகத் திருவள்ளூரில் ஒரு கூட்டம் அறிவித்தார்கள். போக்கர் ஆடுகிறவர்கள் சேர்ந்து வைத்திருந்த ஓர் அமைப்பு, அந்தந்த மாவட்டத்து ஆட்டக்காரர்களை நேரில் போய்ப் பேசும்படி கேட்டுக்கொண்டது. பலர் வீட்டுக்குப் பயந்து பெயரைக் கொடுக்கவில்லை. அண்ணி கொடுத்தார்.

மனுவை என் மடிக்கணினியில் எழுதினோம். அண்ணி சொல்லச் சொல்ல நான் அடித்தேன். முதல் வரியிலேயே எங்களுக்குள் தகராறு.

"'ஏழை மீனவப் பெண்ணாகிய நான்'னு போடு."

"எதுக்கு? நீங்க மாசச் சம்பளம் வாங்கறீங்க."

"அப்டி போட்டாதான் படிப்பாங்க."

"படிச்சுட்டு, ஏழைக்கு இன்னாத்துக்கு சீட்டாட்டம்னு கேட்பாங்க."

அண்ணி சிரித்துவிட்டார். வரி போயிற்று. இறுதியில் மனு ஒரு பக்கத்துக்குள் அடங்கியது. தான் யார், எப்படி ஆடுகிறார், எந்த வரம்புக்குள் ஆடுகிறார், ஏன் இதைச் சூதாட்டம் என்று கருதவில்லை, தடை செய்தால் ஆட்டம் ஒளிவிடத்துக்குப் போகும், அங்கே வரம்பு வைக்க யாரும் இருக்க மாட்டார்கள் என்பவை மட்டும். கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்தபோது வாசலில் அக்கா நின்றாள்.

"எனக்கும் ஒண்ணு அடிச்சுக் குடு."

"எதுக்குக்கா?"

"எல்லாத்தயும் தடை பண்ணணும்னு. அதே கூட்டத்துல குடுக்கணும்."

நான் அண்ணியைப் பார்த்தேன். "அடிச்சுக் குடேன். உனக்கு இன்னா, நீ பத்திரிகைக்காரி" என்று சொல்லிவிட்டு அண்ணி உள்ளே போய்விட்டார். அக்காவின் மனுவும் ஒரு பக்கம்தான் வந்தது. அதில் வெட்டுவதற்கு எதுவும் இல்லை.

கூட்டத்தன்று திருவள்ளூர் பஸ்ஸைப் பிடிக்க மூவரும் ஒரே ஷேர் ஆட்டோவில்தான் பொன்னேரிக்குப் போனோம். வேறு வண்டி இல்லை. அண்ணியும் அக்காவும் ஒருவர் தோள் ஒருவர்மேல் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். பாதி வழியில் அக்கா தன் பையிலிருந்து இட்லிப் பொட்டலத்தை எடுத்து, ஒன்றை அண்ணியின் கையில் வைத்தாள்.

"நாஸ்தா துன்னுட்டுப் பேசு. வெறும் வயித்துல போயி மயக்கம் போட்டு வுழுந்தா, நான்தான் சூனியம் வெச்சேன்னு சொல்லுவாங்க."

"நீ வெக்கலியா?"

"வெச்சா உனக்கா வெப்பேன்? அந்த போனுக்கு வெப்பேன்."

கூட்டத்தில் பெரும்பாலும் தடை கேட்டவர்கள்தான் பேசினார்கள். இந்த ஆட்டங்களால் பிள்ளையை இழந்த ஒரு தகப்பன் பேசினார். அடுத்து அக்கா பேசினாள். உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதற்கடுத்து அண்ணியின் பெயர். இப்படி ஒரு வரிசை யாருக்கும் வரக்கூடாது. அண்ணி எழுந்து மனுவை அப்படியே படித்தார்.  படித்து முடித்ததும் அதிகாரி, பொதுவாக எல்லோரிடமும் கேட்ட கேள்வியை இவரிடமும் கேட்டார்: கார்டு வருவது அதிர்ஷ்டம்தானே, பிறகு எப்படித் திறமை?

மனுவில் இல்லாத பதிலை அண்ணி அங்கேதான் சொன்னார்.

"எங்க ஏரியில பாடு முறைன்னு ஒண்ணு கீது சார். குலுக்கல் போட்டுத்தான் எடம் குடுப்பாங்க. எடம் குலுக்கல்ல வரும், இறால் குலுக்கல்ல வராது. தண்ணி எப்ப ஏறும், காத்து எந்தப் பக்கம், வலய எங்க ஊனணும்னு தெரிஞ்சவனுக்குத்தான் வரும். போக்கரும் அப்டிதான். பாடு முறைய வுட்டு வெச்சிக்கீறீங்க. இத்த மட்டும் இன்னாத்துக்குத் தடை பண்றீங்க?"

அரங்கத்தில் சிலர் கை தட்டினார்கள். அக்கா என் கையைக் கிள்ளினாள். "இன்னாடி இவ, பாடு முறைய இஸ்துகினு வந்து சீட்டாட்டத்துக்குப் பக்கத்துல குந்த வெக்கிறா?"

அதிகாரியின் பக்கத்திலிருந்தவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருந்தார்.

பேச்சைப் படம் பிடித்திருந்தார்கள். அமைப்புக்காரர்கள் அந்தப் பகுதியை மட்டும் வெட்டி வெளியிட்டார்கள். மீனவப் பெண் கேட்ட கேள்வி என்று தலைப்பு. மறுநாள் அது பக்கத்து ஊரான தோணிரேவுக்கு வந்தது, அதைத் தாண்டிப் பசியாவரத்துக்குப் போனது, எங்கள் ஊர்த் தலைவரின் போனுக்கும் வந்து சேர்ந்தது.

வெளியூர்க்காரர்களுக்கு இதில் என்ன கோபம் என்று புரியாது. பாடு முறைக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் ஏரியைச் சுற்றிலும் இருக்கிறார்கள். எங்களுக்கும் ஏன் பங்கில்லை என்று அவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அதில் நியாயமும் உண்டு. அதனால் பாடு முறை என்பது வழக்கமா, சட்டமா, சலுகையா என்ற கேள்வி எப்போதும் ஏதாவதொரு மேசையில் கிடக்கிறது. அப்படியிருக்க, பாடு உள்ள குடும்பத்துப் பெண்ணே எழுந்து நின்று, எங்கள் முறையும் சீட்டாட்டமும் ஒரே மாதிரி, அதை விட்டுவைத்திருக்கிறீர்கள் என்று அரசாங்கக் கூட்டத்தில் பதிவு செய்திருக்கிறார். இதைவிட நல்ல சாட்சி எதிராளிக்குக் கிடைக்குமா?

தலைவர் அண்ணன் வீட்டுக்கு வந்தார். அவர் அண்ணிக்கு மாமா முறை. உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்றார்.

"இன்னா மருமவளே, ஏரிய கொண்டுபோய் சீட்டாட்டக் கெளப்புல வெச்சிட்டு வந்துட்டியாமே?"

"நான் அப்டி சொல்லல மாமா. தொழில் தெரிஞ்சவன்தான் ஜெயிப்பான்னு சொன்னேன்."

"ஜெயிக்கிறது இன்னா ஜெயிக்கிறது? பாடு கட்டப் போறவன் யாரம்மா ஜெயிக்கப் போறான்? குலுக்கல் இன்னாத்துக்கு வெச்சாங்க? சண்ட வரக்கூடாதுன்னு வெச்சாங்க. பெரியவன் நல்ல எடத்தயே புடிச்சிக்கினு குந்தக் கூடாதுன்னு வெச்சாங்க. அத்தப் போயி..." அவர் முடிக்கவில்லை. அண்ணனைப் பார்த்துச் சொன்னார்: "சொன்னத வாபஸ் வாங்கச் சொல்லு. இல்லாங்காட்டி இந்தத் தடவ குலுக்கல்ல உன் பேரு வராது."

அவர் போன பிறகு அண்ணன் வெகுநேரம் வலையைப் பிரித்துக்கொண்டே இருந்தார். அவர் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. கடைசியில், "நைனா பேரும் அந்தக் கொடத்துலதான் இருந்துச்சு" என்றார். 

அண்ணி அன்று சாப்பிடவில்லை. மறுநாள் என்னிடம் வந்தார். "மாமா சொன்னது கரெக்டு. நான் தப்பான எடத்துல தப்பான உதாரணம் சொல்லிட்டேன். அத்த மட்டும் எடுக்கணும்."

திருவள்ளூருக்கு மறுபடி போனோம். அலுவலகத்திலிருந்த பெண் எழுத்தர் நிதானமாகக் கேட்டார். ஒருமுறை பதிவானதை நீக்க வழியில்லை, வேண்டுமானால் கூடுதல் அறிக்கை ஒன்று கொடுங்கள், பழையதோடு சேர்த்துவிடுகிறோம், சேர்த்ததற்கு ஒப்புகையும் தருகிறோம் என்றார். அண்ணிக்கு அதில் திருப்தி இல்லை. "அப்ப ரெண்டும் பக்கத்துல பக்கத்துல கெடக்குமா மேடம்?" என்று கேட்டார். "ஆமாம்மா, எல்லாருக்கும் அப்படித்தான்" என்றார் அவர்.

அறிக்கையை எழுதிக்கொண்டிருந்தபோது டில்லியில் புதிய சட்டம் வந்தது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்கள் அத்தனைக்கும் தடை. திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்வியே அதில் இல்லை. செயலிகள் காசு ஆட்டத்தை நிறுத்திக்கொண்டன. இருப்பில் உள்ளதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று அண்ணியின் போனுக்குச் செய்தி வந்தது. அவர் எடுத்துக்கொண்டார். செயலியை அழித்தார். ஞாயிற்றுக்கிழமை ஐஸ் பெட்டியை நிமிர்த்திக் கழுவி வைத்தார்.

அக்கா தெருவில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "இப்பதான் எனக்குத் தூக்கம் வரும்." பிறகு குரலைத் தாழ்த்தி அண்ணியிடம், "உனக்குக் கஷ்டமாதான் கீதா?" என்றாள்.

"கஷ்டமாதான் கீது."

"நல்லது" என்றாள் அக்கா.

ஊர்க் கூட்டம் கோயில் முன்னால் நடந்தது. ஆண்கள் மணலில் வட்டமாக உட்கார, பெண்கள் மதிலை ஒட்டி நிற்பார்கள். பெண்கள் பேச வேண்டுமானால் வீட்டு ஆண் வழியாகத்தான் பேச வேண்டும். எழுதி வைத்த விதி இல்லை, பழக்கம். அன்று தலைவர் இளகித்தான் இருந்தார். அண்ணனைக் கூப்பிட்டு எல்லோர் முன்னாலும் சொன்னார்:

"ஆட்டத்தயே கவருமென்டு மூடிட்டான். இனிமே பேஜாரு இல்ல. பாடு முறையப் பத்திச் சொன்னது தப்புன்னு எழுதிக் குடுக்கட்டும். அதுலயே, இனிமே இந்த ஆட்டத்தப் பத்தி எங்கயும் பேச மாட்டேன்னும் ஒரு வரி எழுதட்டும். முடிஞ்சுது விஷயம்."

சுற்றிலும் சரி, சரி என்றார்கள். எல்லோருக்கும் எளிதான முடிவு. அண்ணன் தலையாட்டப் போனார். மதிலோரத்திலிருந்து அண்ணியின் குரல் வந்தது.

"மொத வரி எழுதுறேன் மாமா. ரெண்டாவது எழுத மாட்டேன்."

எல்லோரும் திரும்பினார்கள். யாரோ ஒருவர், "இன்னாடா, பொம்பளையப் பேச வுட்டுட்டு நீ குந்திகினு கீற?" என்று அண்ணனைச் சீண்டினார். அண்ணன் எழுந்தார். உட்காரச் சொல்வார் என்றுதான் நான் நினைத்தேன். "அவ சொன்னத அவதான் சொல்லணும். எனக்கு அந்த ஆட்டம் தெரியாது" என்று சொல்லிவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.

தலைவர் கேட்டார்: "மூடிட்ட கடைக்கு இன்னும் இன்னாம்மா மனு?"

"தடைய எதிர்த்து வழக்கு பெரிய கோர்ட்டுல நடக்குது மாமா. ஆடினவங்க எழுதிக் குடுக்கலாம்னு சொல்றாங்க. நான் குடுக்கப் போறேன்."

"தடை பண்ணதுக்கப்புறம் நீ ஆடுவியா?"

"ஆட மாட்டேன். எடுத்துட்டேன். போன வேணும்னா பாருங்க. ஆடறதுக்குத்தான் தடை. கேக்கறதுக்கு இல்ல."

"கேட்டு இன்னா ஆவப் போவுது?"

"முகத்துவாரம் மண்ணு மூடித் தூந்து போவும்போதெல்லாம் நாம மனு குடுக்கல? துறைமுகம் வேணாம்னு குடுக்கல? இல்லன்னு சொன்னதும் வந்து படுத்துக்கினமா? திரும்பவும் போயி நின்னோம் இல்ல? நானும் கொழந்தய இடுப்புல வெச்சிக்கினு வந்து நின்னேன். அப்ப யாரும் என்ன, நீ இன்னாத்துக்குப் பேசறன்னு கேக்கல."

 தலைவர் மறுபடி தொடங்கினார். அவர் குரலில் கோபம் இல்லை. உண்மையிலேயே யோசித்துத்தான் கேட்டார் என்று எனக்குத் தோன்றியது.

"ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லு. என் மொறையில எனக்கு எறா நெறைய வுழுந்தா, அது உன் வலையில இருந்து வரல. ஏரியில இருந்து வருது. உன் ஆட்டத்துல நீ ஜெயிச்சா எவனோ ஒருத்தன் தோக்கணும். அந்த ஒருத்தன் எங்கூட்டுப் புள்ளையா இருந்தா?"

 மதிலில் சாய்ந்திருந்த அண்ணி நேராக நின்றார்.

"அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல மாமா. அது நெசம்தான். அதனாலதான் சும்மா தொறந்து வுடுன்னு நான் கேக்கல. ஒருத்தன் இவ்ளோதான் தோக்கலாம், அதுக்கு மேல கதவ சாத்துன்னு கேக்கறேன். நம்ம ஏரியில இந்த வல போடு, இந்த வல போடாதன்னு சொல்றோம் இல்ல? வல தப்புன்னு ஏரியவா மூடறோம்?"

"தோ, திரும்பவும் ஏரிய இஸ்துட்டா" என்றார் ஒருவர். சிரிப்பு எழுந்தது. அண்ணியும் வாயைக் கையால் மூடிக்கொண்டார். தலைவர் சிரித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அப்போது பேசியவள் எதிர்வீட்டு அக்கா. அவள் வீட்டில் ஆண் கிடையாது. குடத்தில் பெயரும் கிடையாது. யார் வழியாகப் பேசுவது?

"அவ வாய மூடச் சொல்லாதீங்க. அவ மனு குடுத்தா நான் எதிர் மனு குடுப்பேன். பெரிய கோர்ட்டுக்கும் குடுப்பேன். எத்தினி தபா குடுத்தாலும் குடுப்பேன். அது எனக்கும் அவளுக்கும் கீற சண்ட. இன்னிக்கு அவ பேசக்கூடாதுன்னு எழுதி வாங்கினா, நாளைக்கு நான் எங்கூட்டுக்காரனத் தேடிக் குடுங்கன்னு ஸ்டேஷன்ல போயி நிக்கறப்பவும் குப்பத்து மானம் பூடுதுன்னு எழுதி வாங்குவீங்க."

கூட்டம் முடிவு சொல்லாமல் கலைந்தது. அறிக்கையைக் கொடுத்து ஒப்புகை வாங்கி வரட்டும், பெரியவர்கள் கலந்து பேசுகிறோம், குலுக்கல் அன்று பார்த்துக்கொள்ளலாம் என்றார் தலைவர்.

அறிக்கையை இரண்டு வாக்கியங்களில் எழுதினோம். பாடு முறை என்பது எங்கள் ஊர் ஏரியைச் சமமாகப் பகிர்ந்துகொள்ளச் செய்த ஏற்பாடு, அதை விளையாட்டோடு ஒப்பிட்டுச் சொன்னது என் தவறு, அதை விலக்கிக்கொள்கிறேன். போக்கர் பற்றி நான் சொன்ன மற்ற எதையும் விலக்கிக்கொள்ளவில்லை. 'வருந்துகிறேன்' என்று சேர்க்கலாமா என்று கேட்டேன். அண்ணி யோசித்து, "மொத வரியில சேரு, ரெண்டாவதுல வேணாம்" என்றார். திருவள்ளூர் போய்க் கொடுத்தோம். ஒப்புகையின் நகலைத் தலைவர் வீட்டில் அண்ணனே கொண்டுபோய்க் கொடுத்தார். தலைவர் படித்தார், மடித்தார், சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். டீ கொடுத்தார்களாம். 

குலுக்கல் வரைக்குமான நாட்களில் அண்ணன் சுத்துவலையைச் சரி செய்தார். பெயர் வராவிட்டால் அந்த வலை வீண். ஆனாலும் கிழிந்த வலைக்கண்களை ஒவ்வொன்றாகக் கோத்தார், ஊன்றுகழிகளை வெயிலில் காயவைத்தார். அண்ணி வேலைக்குப் போய் வந்தார். வந்ததும் என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். உச்ச நீதிமன்ற வழக்குக்காக, ஆடியவர்களின் வாக்குமூலங்களை வழக்கறிஞர்கள் கேட்டிருந்தார்கள். ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். அண்ணி தமிழில் சொல்வார், நான் மாற்றுவேன், மாற்றியதைத் திரும்பத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்பார். ஒரு சொல் கூடினாலும் பிடித்துக்கொள்வார். எத்தனையோ செய்தி ஆசிரியர்களிடம் வேலை பார்த்திருக்கிறேன். இப்படி ஒருவரிடம் பார்த்ததில்லை.

"வரம்பு பத்தி நான் சொன்னது எங்க?"

"நாலாவது பத்தியில."

"மேல கொண்டா. அதுதான் முக்கியம். ஆட்டம் வேணும்ன்றது அதுக்குக் கீழ வரட்டும். மாமா கேட்ட கேள்விய ஜட்ஜும் கேப்பாரு."

குலுக்கலுக்குப் பெண்கள் போவதில்லை. அன்று காலை அண்ணன் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கிளம்பினார். அண்ணி விடுப்புப் போட்டிருந்தார். என் வீட்டில் தரையில் காகிதங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு பத்தி பத்தியாகப் போய்க்கொண்டிருந்தோம். கோயில் பக்கத்திலிருந்து மைக் சத்தம் வந்தது. பெயர்களைப் படிக்கிறார்கள் என்பது தெரிந்தது, எந்தப் பெயர் என்பது காற்றில் பிடிபடவில்லை. அண்ணி ஒரு தரமும் எழுந்து வாசலுக்குப் போகவில்லை. ஆனால் அந்த நேரத்தில் நான் படித்துக் காட்டிய பத்தியில் இருந்த ஒரு பிழையை அவர் கவனிக்கவில்லை. அதுவரை அப்படி நடந்ததில்லை.

அக்காதான் முதலில் வந்தாள். கருவாட்டுக் கூடையோடு கோயிலைத் தாண்டி வந்திருக்கிறாள். வாசலில் நின்றபடி சொன்னாள்:

"படிச்சுட்டாங்க. உங்கூட்டுக்காரர் பேர."

அண்ணி நிமிர்ந்தார். "நெசமா?"

"இல்ல, ஏப்ரல் ஃபூலு. நெசம்தான்டி. மொத மொற ஓடைப் பக்கம் வுழுந்துக்கீது. மூஞ்ச தொங்கப் போட்டுகினு நிக்கறாரு. எவனோ, பொண்டாட்டி மனு குடுத்த பலன்னு கேலி பண்றான்." கூடையை இறக்கி வைத்தாள். "மாமா இன்னா சொன்னாரு தெரியுமா? பேர எடுத்துப் படிச்சுட்டு, 'அந்தம்மாவ ஏரிய வுட்டுட்டு வேற எத்த வேணா பேசச் சொல்லுங்க'ன்னாரு. மைக்குலயே."

அண்ணி முகத்தை முந்தானையால் அழுத்தித் துடைத்தார். வியர்வையா என்று நான் பார்க்கவில்லை. அக்கா போகாமல் நின்றாள். தரையில் கிடந்த காகிதங்களைப் பார்த்தாள்.

"இதான் பெரிய கோர்ட்டுக்குப் போறதா?"

"ஆமாம்."

"என்னுதும் அடிக்கணும். எப்ப வரட்டும்?"

"இது முடிஞ்சதும் வா. நாளைக்கு" என்றேன்.

அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். அண்ணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு காகிதத்தை இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"எங்க வுட்டோம்? ரெண்டாவது பத்தியா? மொதல்ல இருந்து படி. நடுவுல நான் சரியா கேக்கல."

நான் முதலிலிருந்து படித்தேன்.